அத்தையின் பாங்க் கணக்கில் அக்காவின் பணம்

மகளோ மகனோ அமெரிக்காவில் இருக்கும் தோழிகளுக்காகவே இதை எழுதுகிறேன். என் அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒத்தாசைக்காகப் போய் ஐந்து மாதம் அங்கே இருந்தேன். அப்போது நடந்தது இது.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வயது 81. மாமா அங்கேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, காலமாகிவிட்டார். அத்தைக்குத் தனியாக பாங்க் போய்வர முடியாததால், அத்தான் தன் பெயரையும் அவர் கணக்கில் சேர்த்தார். பிறகு அக்காவின் பார்ட் டைம் சம்பளமும் அதிலேயே விழ ஆரம்பித்தது. "எல்லாம் ஒரே குடும்பம்தானே, தனிக் கணக்கு எதுக்கு?" என்று இருந்துவிட்டார்கள். பெண்ணின் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்த பணம் அது.

திடீரென்று அத்தைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம் ஊர் மாதிரி சின்ன ஆஸ்பத்திரி இல்லை. நடமாட முடியாத முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். 65 வயதுக்கு மேல் கிடைக்கும் மெடிக்கேர் அதற்கு அதிகபட்சம் 100 நாள்தான் உதவும். அதிலும் முதல் 20 நாள்தான் முழுசாக. அதற்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மெடிக்கெய்டு கேட்க வேண்டும். மெடிக்கெய்டு என்பது 1965-ல் வந்த, வசதி குறைந்தவர்களுக்கான அரசாங்க வைத்திய உதவி.

அதற்கு மனுப் போட்டபோதுதான் இடி விழுந்தது. தனி ஆளாக இருப்பவர் கையில் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது டெக்சாஸ் விதி. குடியிருக்கும் வீடு போன்ற சிலவற்றை இதில் சேர்ப்பதில்லை. ஆனால் பாங்க் பணம் சேரும். கூட்டுக் கணக்கில் இருந்தது 31,000 டாலர். அதில் அத்தையின் பணம் 5,000 கூட இல்லை. ஆனாலும் மனுப் போடுபவர் பெயர் கணக்கில் இருந்தால், முழுப் பணமும் அவருடையது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்களாம். இல்லை என்றால் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

அத்தைக்குப் பேச்சு குழறினாலும் புத்தி தெளிவு. "என் பேர் இருக்கறதால குழந்தை படிப்புப் பணம் போயிடுமா?" என்று கேட்டு அழுதார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "பாருடி, சௌகரியத்துக்குன்னு செஞ்சது. இப்ப அவங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அத்தான் அவசரப்பட்டு மொத்தத்தையும் அக்கா பெயருக்கு மாற்றிவிடலாம் என்றார். நல்ல வேளை, முதியோர் விவகாரம் பார்க்கும் ஒரு வக்கீலைக் கேட்டார்கள். "அதை மட்டும் செய்யாதீர்கள்" என்றாராம் அவர். மனுப் போடுவதற்கு முந்தைய ஐந்து வருடக் கணக்கையும் பார்ப்பார்கள். அதற்குள் யாருக்காவது சும்மா கொடுத்த பணம் இருந்தால், அதற்கு ஏற்றபடி சில காலம் உதவி கிடைக்காது. மாதம் 6,000 டாலர் செலவு என்று கணக்கிடும் இடத்தில் 60,000 டாலர் கொடுத்திருந்தால், பத்து மாதம் உதவி கிடையாது. அத்தை தன் மகளின் கிரகப்பிரவேசத்துக்கு அனுப்பிய 2,000 டாலரைக்கூட விடவில்லை. அதற்காகச் சில நாட்கள் கழிந்தன.

அப்புறம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து காகிதம் தேடினோம். அக்காவின் சம்பளச் சீட்டுகள், மாதாமாதம் வந்த பாங்க் ஸ்டேட்மெண்ட், எது யார் போட்டது, எது யார் எடுத்தது என்று எல்லாம். அக்கா எதையும் தூக்கிப்போடாமல் ஷூ டப்பாவில் போட்டு வைத்திருந்ததுதான் காப்பாற்றியது! அத்தானும் அக்காவும் எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் பணத்தை முறைப்படி தனிக் கணக்குக்குப் பிரித்தார்கள். அத்தையின் சொந்தப் பணத்தில் காது கேட்கும் கருவி வாங்கினார்கள். அவருடைய கடைசிக் காரியத்துக்கும் திரும்பப் பெற முடியாதபடி முன்பணம் கட்டினார்கள். அப்படிச் செலவழிப்பதற்கு விதியில் இடம் உண்டு. முடிவு தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அதிகாரிகள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஒருவர் பெயரில் போட்ட பணத்தை அவருடையது என்று எண்ணுவதில் என்ன தப்பு? விஷயம் தெரியாமல் செய்தது எங்கள் வீட்டார்தான்.

ஆகவே தோழிகளே, பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்ட பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள். பெரியவர் பணம் பெரியவர் கணக்கில், பிள்ளைகள் பணம் அவரவர் கணக்கில் இருக்கட்டும். பாங்க் வேலையைப் பார்த்துக்கொள்ள பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொண்டால் போதும். அதில் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும்தான் வரும், பணம் கலக்காது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் அங்குள்ள வக்கீலைக் கேட்டே செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கலந்திருந்தால், ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும் முன் அத்தையைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தை காலேஜுக்குப் பணம் கட்டியாச்சா?" என்றார். "கட்டியாச்சு அத்தை" என்றேன். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்