இலக்கை எழுதுவது யார்?

கனடாவின் டொரான்டோவில், வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்கின் அலுவலகம் 2017-ல் தயாரானது. சுவர் எழுப்பும் முன்பே ஊழியர்களிடம் விருப்பம் கேட்டார்கள்: யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், எப்படிப்பட்ட சூழலில் வேலை ஓடும் என்று. அந்தப் பதில்களோடு பகல் வெளிச்சம், ஜன்னல் காட்சி, கவனச்சிதறல் என ஆறு இலக்குகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். அது 10,000-க்கும் மேற்பட்ட வரைபடங்களைப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், தேறியவற்றைக் கலந்து அடுத்த சுற்று, அதில் தேறியவற்றை மறுபடியும் கலந்து இன்னொரு சுற்று. இதுதான் ஜெனரேட்டிவ் டிசைன்.

அதே ஆண்டு, அதே நகரின் பார்க்டேல் பகுதியில் நூற்றுக்கணக்கான குடித்தனக்காரர்கள் வாடகை கட்ட மறுத்துப் போராடினார்கள். வசதியானவர்கள் குடியேறக் குடியேற வாடகை எகிறி, பழையவர்கள் பெட்டி கட்டும் பகுதி அது. அரசு நிர்ணயித்த வரம்புக்கு மேல் வாடகையை உயர்த்த உரிமையாளர் தரப்பு முயன்றதுதான் போராட்டத்தின் பொறி. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, உயர்வைக் குறைக்கவைத்தார்கள்.

அங்கே ஒரு தோட்டம் இருக்கிறது, மில்கி வே என்று பெயர். ஆங்கிலம் கற்க வரும் அகதிகள், குறிப்பாகத் திபெத்தியர்கள், காய்கறி போட்டு வந்த இடம். விற்பனைக்கு வந்தபோது பார்க்டேல் நில அறக்கட்டளை அதை 2017-ல் வாங்கிச் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. அந்த அலுவலகத்தைப் போலவே ஒரு குடியிருப்புப் பகுதியையும் கணினியை வரையச் சொல்லலாம்; ஆனால் சதுர அடிக்கு எவ்வளவு லாபம் என்பதை இலக்காக வைத்தால், எந்த மென்பொருளுக்கும் அது வெறும் காலி மனை. கீரைப் பாத்திகளுக்கு நடுவே மொழி பழகுகிறவர்கள் அதன் கணக்கில் வரமாட்டார்கள்.

குறை கணினியுடையது அல்ல. வெளிச்சத்தை அளக்க முடிகிறது என்றால் வாடகையையும் அளக்கலாம். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது கனடாவில் பழகிப்போன அளவுகோல். இப்போது குடியிருப்பவரின் வருமானத்தில் அந்த அளவுக்குள் அடங்காத வரைபடத்தைத் தள்ளிவிடு என்று ஒரு வரி எழுதினால் போதும். பொதுத் தோட்டத்தைத் தொடாதே என்று இன்னொரு வரி. அதற்குப் பிறகு வரும் ஆயிரம் வரைபடங்களும் வேறு ஊரைக் காட்டும். எந்த விட்டுக்கொடுப்புக்கு என்ன விலை என்பதும் குடியிருப்பவர்கள் கண்ணெதிரே தெரியும். விருப்பம் கேட்கப்படும் உரிமை அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் உரியதா என்ன?

உங்கள் பகுதிக்கும் ஒருநாள் கணினி தேர்ந்தெடுத்த திட்டம் வரும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்குக் கொடுத்த இலக்குகளின் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்.