கருவேலத்தை வெட்டலாமா? வகுப்பறையில் வாதம் எழுதப் பழக்குவது

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. குறிப்புச் சட்டகத்தில் கொடுத்திருக்கும் உட்தலைப்புகளைக் கீழே கோடு போட்டு எழுதி, இடையில் ஒரு குறளையோ பாரதி வரியையோ செருகிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம், சாலை விதிகளை மதிப்போம் என்பவை வழக்கமான தலைப்புகள். யாரும் மறுக்காத தலைப்புகள். மறுக்க ஆளில்லாத இடத்தில் காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பன்னிரண்டு வருடம் இப்படி எழுதிப் பழகிய பிள்ளை, கல்லூரிக்குப் போய் 'உன் கருத்து என்ன, ஏன்?' என்று கேட்டால் திகைத்து நிற்கிறது.

அதே பிள்ளை வீட்டில் வாதாடத் தெரியாமல் இருப்பதில்லை. அடுத்த வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம், தறிக்கு உதவி செய்யப் போவதா டியூஷனுக்குப் போவதா என்றெல்லாம் அம்மாவிடம் நாலு காரணம் அடுக்கிச் சொல்லும். வாயில் இருக்கும் இந்தத் திறமையைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் வாதக் கட்டுரை கற்பிப்பதில் உள்ள வேலை. அதற்கு முதலில் வேண்டியது நல்ல கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு கேள்வி வாசலிலேயே நிற்கிறது: சீமைக் கருவேல மரத்தை அடியோடு அழிக்க வேண்டுமா? தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தில் பச்சை வரவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. இன்று கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களிலும் தரிசிலும் அடர்ந்து கிடக்கிறது. ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்புகிறது. மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இன்னொரு பக்கம், மானாவாரி பொய்த்த வருடங்களில் இந்த ஊர்களுக்குச் சோறு போட்டதும் அதே மரம்தான். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, புகைய விட்டுக் கரியாக்கும் கரிமூட்டத் தொழிலில் கூலி பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நீதிமன்றமே இந்தக் கேள்வியில் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. 2017 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரங்களை அகற்றச் சொல்லிக் கண்டிப்பாக உத்தரவிட்டது. வேலை மும்முரமாக நடந்தது. அதே ஆண்டில், அறிவியல் முறையில் ஆராயாமல் வெட்டக் கூடாது என்ற வாதத்தைக் கேட்டு உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. பிறகு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவது பற்றித் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. விவரம் தெரிந்த பெரியவர்களே இரண்டு பக்கமாக நின்ற கேள்வி என்றால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளைகள் கண்ணால் பார்த்த பொருளாக இருக்க வேண்டும். நியாயமான ஆட்கள் இரு பக்கமும் இருக்க வேண்டும். சொல்வதைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும்.

கேள்வியைக் கரும்பலகையில் எழுதியவுடன் "யார் சொல்றீங்க?" என்று கேட்பது பலருக்கும் பழக்கம். கேட்டால் வழக்கமாகப் பேசும் மூன்று பேர் கை தூக்குவார்கள், மற்றவர்கள் அத்தோடு ஓய்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் இதற்கு ஓர் எளிய மாற்று சொன்னார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். அதன் பிறகே வகுப்புக்குச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் ஒரு வரி எழுதச் சொன்னாலே போதும், பேசுகிறவர் எண்ணிக்கை கூடும். கூச்சப்படும் பிள்ளைக்கு நாற்பது பேர் முன்னால் பேச வராது. ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால் இரண்டாம் முறை வரும்.

நமக்கு இது புதிதில்லை. நன்னூல் எழுதிய பவணந்தியார் மாணாக்கர் கற்கும் முறையைக் கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் சேர்கிறது. நம் வகுப்புகளில் முதல் கால் பங்குக்கே பீரியட் முழுவதும் செலவாகிவிடுகிறது.

பேச்சு தொடங்கியதும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "அது எப்படித் தெரியும்?" ஒரு வகுப்பில் இது எப்படிப் போகும் என்று பார்க்கலாம்.

"சார், அது காத்துல இருக்குற ஈரத்தையே உறிஞ்சிருமாம். அதான் நம்ம ஊர்ல மழையே இல்ல."

"எப்படித் தெரியும்ப்பா?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு சார். எங்க மாமா காட்டுனாரு."

இந்த இடத்தில் "தப்பு, உட்கார்" என்று சொன்னால் அந்தப் பையன் அன்றைக்கு மறுபடி வாய் திறக்க மாட்டான். "சரி, நீராவிப்போக்குன்னு அறிவியல்ல படிச்சோமே, இலை என்ன பண்ணும்?" என்று கேட்கலாம். இலை ஈரத்தைக் காற்றில் விடும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். "அப்ப இந்த மரம் மட்டும் தலைகீழாப் பண்ணுதா? தண்ணிய எங்க இருந்து எடுக்குது?" என்று அடுத்த கேள்வி. வேர் ஆழமாகப் போகிறது, நிலத்தடி நீரை எடுக்கிறது என்று அந்தப் பையனே வந்து சேர்வான். அவன் கட்சி மாறவில்லை. மரத்தை அகற்ற வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்கிறான். அவன் கையில் இருந்த காரணம் மட்டும் பலமாகியிருக்கிறது.

இந்த மரத்தைப் பற்றி ஊரில் உலாவும் பேச்சுகள் பல. பறவை கூடு கட்டாது என்பார்கள். ஆடு மேய்க்கப் போகும் பிள்ளையைக் கேட்டால் கூடு பார்த்த கதையைச் சொல்லும். அடியில் புல் பூண்டு முளைக்காது என்பார்கள். அதையும் பார்த்துவிடலாம். நான்கு குச்சியும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, மரத்தடியில் எத்தனை செடி, வெட்டவெளியில் எத்தனை செடி என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே எண்ணலாம். தானே எண்ணிய ஓர் எண் கட்டுரையில் வந்து விழும்போது அந்தப் பத்திக்கு வரும் தெம்பு வேறு. கரிமூட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வருவதும் அதே மாதிரி சான்றுதான். பாடப்புத்தகத்துக்கு வெளியே இருக்கும் அறிவை இந்த மண்ணின் பிள்ளைகள் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதைக் கேட்பதில்லை.

பேச்சுப் பயிற்சி என்றதும் பட்டிமன்றம் வைப்போம் என்பார்கள். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு. நம் காலத்தில் குன்றக்குடி அடிகளாரும் சாலமன் பாப்பையாவும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், சாதாரண மக்களையும் இரண்டு பக்க நியாயத்தைக் கேட்க வைத்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் பள்ளிப் பட்டிமன்றத்தில் நடப்பது வேறு. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஆறு பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். தனக்குக் கொடுத்த அணியை விட்டு அசையவே கூடாது என்பதுதான் அங்கே விதி. எதிரணி நல்ல காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ள அதில் இடமில்லை. எழுத்தில் நமக்கு வேண்டியது அந்த இடம்தான்.

அதற்கு ஒரு வழி உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் வகுத்தது. நான்கு பேர் ஒரு குழு. இருவர் 'அகற்ற வேண்டும்', இருவர் 'கூடாது'. ஒவ்வொரு சோடியும் தன் காரணங்களைத் தயார் செய்து சொல்லும், மற்றது மறுக்கும். பிறகு இடம் மாற வேண்டும். இதுவரை எதிர்த்துப் பேசிய பக்கத்தை எதிராளி சொன்னதைவிட நன்றாகச் சொல்லிக்காட்ட வேண்டும். கடைசியாக அணியைக் கலைத்துவிட்டு, நால்வரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு முடிவை எழுத வேண்டும். இடம் மாறும் அந்தப் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிடக் கூடாது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கரி வியாபாரியின் பக்கத்தை விவசாயியின் மகள் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டால், அவள் எழுதும் மறுப்பில் ஏச்சு இருக்காது.

நூல் எழுதுகிறவர் எடுக்கக்கூடிய நிலைகள் ஏழு என்று நன்னூல் வகுத்ததில் இதற்கான இடமும் இருக்கிறது. பிறர் கருத்தை ஒப்புவது ஒன்று, மறுப்பது ஒன்று. முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அதிலுள்ள பிழையைக் களைவது இன்னொன்று. இருவர் முரண்பட்டு நிற்கும்போது ஒருவர் பக்கம் துணிவதும் உண்டு. இலக்கண மாணவர் 'எழுவகை மதம்' எனப்படும் இந்த நிலைகளைத் தேர்வுக்காகப் படிக்கிறார். கட்டுரை எழுதும் மாணவரிடம் "இந்தப் பத்தியில் நீ எந்த மதத்தில் நிற்கிறாய்?" என்று கேட்டால் அது கைக்கு உதவும் கருவியாகிவிடும்.

குழு பிரிப்பதில் கவனம் வேண்டும். தென் மாவட்டங்களில் பிள்ளைகள் தங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருவதும், கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி தெரிவதும் நாம் அறிந்ததே. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சாதி காரணமாக வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அகர வரிசைப்படி மாணவரை உட்கார வைக்க வேண்டும் என்று 2024 அறிக்கையில் பரிந்துரைத்தது. கலந்துரையாடலுக்கும் அந்த வரிசையே நல்லது. "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டால் வகுப்பு தெருத் தெருவாகப் பிரிந்துவிடும். ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் இருந்தால், தொகுத்து எழுதும் வேலையைப் பெண் பிள்ளைகள் தலையிலும் எழுந்து பேசும் வேலையைப் பையன்களிடமும் விடும் வழக்கத்தை ஆசிரியர் முறை வைத்து மாற்ற வேண்டும். ஆளைப் பேசக் கூடாது, காரணத்தைப் பேசலாம் என்ற விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எழுத்து. ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "சீமைக் கருவேல மரம் மிகவும் தீமையானது. அது நம் நாட்டின் சாபக்கேடு. எனவே அனைவரும் ஒன்றிணைந்து அதை ஒழிப்போம்." மூன்று வாக்கியம், ஒரு காரணம்கூட இல்லை. அந்தப் பிள்ளையிடம் மூன்று துண்டுகளைக் கேட்க வேண்டும். நீ சொல்வது என்ன? சான்று என்ன? அந்தச் சான்றிலிருந்து இந்த முடிவு எப்படி வருகிறது? முதல் இரண்டும் எளிதில் வந்துவிடும். மூன்றாவதில்தான் பெரியவர்களும் வழுக்குவார்கள். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை தருக்கம் சொல்லும் இடத்தில் மலையில் புகை தெரிவதால் நெருப்பு உண்டு என்று காட்டி, அடுக்களையை எடுத்துக்காட்டாக வைக்கிறது. புகை சான்று, நெருப்பு முடிவு, புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது இரண்டையும் கட்டும் கயிறு. 1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞரும் அந்தக் கயிற்றுக்குத் தனி இடம் கொடுத்தார்.

திருத்தி எழுதியபின் அதே பிள்ளையின் பத்தி ஏறத்தாழ இப்படி வரும்: "எங்கள் கண்மாயின் வரத்துக்காலில் கருவேலம் அடைத்துக்கொண்டிருப்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேருவதில்லை. தண்ணீர் வரும் வழி அடைபட்டால் நெல் வயலுக்குப் பாய்ச்சல் இல்லை. ஆகவே வரத்துக்காலில் உள்ள மரங்களை முதலில் தூரோடு எடுக்க வேண்டும். கரி போடுகிறவர்களுக்கு வேலை போய்விடும் என்பது உண்மையான கவலை. தரிசில் உள்ள மரங்களை இப்போதைக்கு அவர்களுக்கே விடலாம்." எல்லா மரத்தையும் ஒழிப்போம் என்று தொடங்கிய பிள்ளை, எந்த மரத்தை, எங்கே, எந்த வரிசையில் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. 'அடைத்துக்கொண்டிருப்பதால்', 'பெய்தாலும்', 'அடைபட்டால்', 'ஆகவே' போன்ற சொற்கள் தானாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. இணைப்புச் சொற்களைப் பட்டியலாகப் பலகையில் எழுதிப் போட்டுக் கற்பித்தால் இப்படி வராது.

திருத்தும்போது ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாவற்றையும் முதல் வரைவிலேயே சிவப்பு மையால் சுழித்துத் தள்ளினால் பிள்ளை பிழையை மட்டும் திருத்தித் திரும்பக் கொடுக்கும், வாதத்தைத் தொடாது. முதல் வரைவில் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும்: "கரி போடுகிறவர் இதைப் படித்தால் என்ன கேட்பார்?" எழுத்துப்பிழை இரண்டாம் வரைவுக்கு. நாற்பது நோட்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது என்பதால் பக்கத்துப் பிள்ளையே அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதலாம்.

எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். ஆசிரியர் மட்டும் படிக்கும் வாதம் மதிப்பெண்ணோடு முடிந்துபோகும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வகுப்பின் சிறந்த நான்கைந்து கட்டுரைகளைச் சேர்த்து, கண்மாய் வரைபடத்தோடு, எந்தப் பகுதியில் எப்போது மரம் எடுக்க வேண்டும், விறகு யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு மனுவாக்கிப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்பலாம். அந்த மனுவை எழுத உட்காரும் நாளில் வகுப்பில் மறுபடியும் சண்டை வரும், ஊராட்சித் தலைவர் என்ன கேட்பார், கரிக்காரர் என்ன கேட்பார் என்று. அந்தப் பீரியடில் ஆசிரியர் குறுக்கே பேசாமல் இருப்பது நல்லது.