பாம்புக் குட்டியும் அளவறிந்த இரையும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வாய்மொழி. அத்தகைய உயிரை இல்லத்திலே பேணி வளர்க்கும் வழக்கம் அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் பல்லாண்டுகளாக வேரூன்றியுள்ளது. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் சிலர், தம் பிள்ளைகள் பாம்புக் குட்டியொன்றை வேண்டிப் பிடிவாதஞ் செய்யும் புதுமையைக் காணவுங் கூடும். அங்ஙனம் வளர்க்கப் புகுவோர் முதலிற் கேட்கும் வினா, ‘இதற்கு எதனை உண்ணக் கொடுப்பது?’ என்பதாகும். அதனினும் இன்றியமையாத வினா, ‘எவ்வளவு பெரியதைக் கொடுப்பது?’ என்பது. குட்டியின் உயிர் இவ்விரண்டாம் வினாவின் விடையிலேயே தங்கியிருத்தலின், அதனைச் சிறிது விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

புதியோர் பெரும்பாலும் தெரிந்தெடுப்பது சோளப்பாம்பு எனத்தகும் ஓரினமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் இதன் தாயகம். 1766 இல் இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிந்தமையால் இப்பெயர் வந்ததென்பர் சிலர். வயிற்றுப்புறத்திலுள்ள கட்டங்கள் பன்னிறச் சோளக்கதிரை ஒத்திருத்தலால் வந்ததென்பர் வேறு சிலர். நம் நாட்டுச் சாரை சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும். நஞ்சில்லாதது, இரையைச் சுற்றி நெருக்கிக் கொல்வது. முட்டையினின்று வெளிவரும்போது ஏறக்குறைய ஓரடி நீளமும், எழுதுகோலினும் மெல்லிய உடலும், பத்துக் கிராமுக்கு உட்பட்ட நிறையுமே உடையது. வளர்ந்தபின் நான்கு, ஐந்து அடி நீளம் பெறும். நன்கு பேணப்படின் இருபது ஆண்டுகள் வரையிலும் வாழும்.

பாம்பு தன் தலையினும் பெரிய இரையை விழுங்குவது யாவரும் அறிந்ததே. அதன்பொருட்டு அது தாடையைக் கழற்றிக்கொள்ளும் என்பர் பலர். அது தவறு. நம் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் மோவாயில் ஒன்றாய் இணைந்துள்ளன. பாம்பிற்கோ அவை நெகிழுந் தன்மையுள்ள நாரினாலே தொடுக்கப்பட்டு, தனித்தனியே விலகவும் முன்செல்லவும் வல்லன. மண்டையோட்டுடன் தாடையைப் பொருத்தும் என்பும் அசையக்கூடியது. மேல்வாய்ப் பற்கள் ஒருபுறம் இரையைப் பற்றியிருக்க, மறுபுறம் முன்னேறிப் பற்றும். இவ்வாறு வலமும் இடமுமாக மாறிமாறி, தன் தலையையே இரையின் மேலாக நடத்திச் செல்கிறது பாம்பு. இரையை விழுங்குவதற்கு நெடுநேரம் சென்றாலும் மூச்சடைப்பதில்லை; மூச்சுக்குழலின் வாயை இரைக்குக் கீழாக வெளியே நீட்டி மூச்சுவிடும்.

இத்துணைப் பெரிய வாய் படைத்த உயிருக்கு இரையின் அளவைப்பற்றிக் கவலைப்படுவானேன் எனச் சிலர் ஐயுறலாம். வாயில் நுழைவது வேறு. வயிற்றிற் சமிபாடடைவது வேறு. பாம்பு மெல்லுவதில்லை. இரை முழுவடிவாகவே இரைப்பையை அடைகிறது. அங்கே சுரக்கும் அமிலமும் நொதியங்களும் புறத்தேயிருந்து உள்நோக்கியே அதனைக் கரைத்தல் வேண்டும். இவ்விடத்தில் மாணவர்கள் தம் கணித பாடத்தை நினைவுகூர்வது நன்று. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கான ஓர் இரையை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை எட்டு மடங்காகும். சமிபாட்டு நீர் தாக்குதற்குரிய மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். கண்ணுக்குச் சற்றே பெரிதாகத் தோன்றும் இரை, இரைப்பைக்குப் பெருஞ் சுமையாவதன் காரணம் இதுவே. அமிலம் உட்புறத்தை அடையுமுன்னரே இரை அகத்தே அழுகத் தொடங்கினால், பாம்பு அதனை வெளியே கக்கிவிடும்.

உணவைச் சமிப்பது பாம்பிற்குப் பெருமுயற்சியான செயல். ஸ்டீபன் சீக்கோர், யாரெட் டயமண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட கட்டுரையில், உணவுண்டபின் அதன் அனுசேப வேகம் பன்மடங்கு உயர்வதையும், சிறுகுடல் முதலிய உறுப்புகள் பருத்து வளர்வதையும் விளக்கினர். 2005 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரையுண்ட 48 மணி நேரத்தில் அதன் இதயத் தசையின் நிறை ஏறத்தாழ 40 வீதம் கூடுவதைக் காட்டிற்று. சோளப்பாம்பு வேறினமாயினும், உண்டபின் அதன் உடலும் பெருந்தொழில் புரிகிறது என்பதில் ஐயமில்லை.

ஆகவே அளவிற்கு இரண்டு விதிகளைக் கைக்கொள்வர். முதலாவது கண்ணளவு: இரையின் அகலம், பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அகலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும், சிறிது கூடினாலும் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது. தலையின் அகலத்தைக் கொண்டு அளத்தல் பிழை. தலை எப்போதும் சிறியது. அதனை நம்பினாற் பாம்பு பட்டினி கிடக்கும். இரண்டாவது தராசளவு: இரையின் நிறை பாம்பின் நிறையில் 10 முதல் 15 வீதம் வரை இருத்தல் நன்று. 40 கிராம் நிறையுள்ள குட்டிக்கு 4 முதல் 6 கிராம் வரையான சுண்டெலிக் குஞ்சு போதும்.

முட்டையினின்று வெளிவந்த குட்டி உடனே இரை தேடாது. முதன்முறை தோலுரித்தபின்னரே, அஃதாவது ஒரு கிழமை அல்லது பத்து நாட் சென்றபின்னரே, இரை கொடுத்தல் முறை. அப்போது ஏற்றது, மயிர் முளையாத, பிறந்து ஓரிரு நாளேயான சுண்டெலிக் குஞ்சு. இது 1 அல்லது 2 கிராம் நிறையே உடையது. நிறை வீதத்தின்படி இது சற்று மிகையாயினும் தீங்கில்லை. அதன் தோல் மெல்லியது, என்பு முற்றாதது, ஆதலின் எளிதிற் கரையும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை ஒன்று கொடுத்தால் அமையும். பாம்பு வளர வளர, மயிர் அரும்பிய குஞ்சு, கண் திறந்த குஞ்சு, பால்மறந்த சுண்டெலி, முதிர்ந்த சுண்டெலி எனப் படிப்படியாக ஏறிச் செல்லலாம். ஒரு படியைத் தாண்டி மறுபடிக்குப் பாயலாகாது. வளர்ந்த பாம்பிற்குப் பத்து முதற் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை உணவு போதுமானது. சரியான அளவுள்ள இரையை விழுங்கியபின் உடலில் மெல்லிய புடைப்பொன்று தோன்றி, ஓரிரு நாளில் மறையும். தோல் விரிந்து செதில்களுக்கிடையே வெளித்தெரிந்தால் இரை மிகப் பெரிது என்று அறிக.

அளவு சரியாயினும் வெப்பம் குறைந்தால் பயனில்லை. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரன்று. கூட்டின் ஒருபுறம் 28 முதல் 30 பாகை செல்சியசு வரையிலும், மறுபுறம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்க, அது வேண்டியவாறு இடம்மாறும். குளிர்நாட்டில் வெப்பமூட்டி பழுதுற்ற இரவிலே பெரிய இரை கொடுப்பது பேராபத்து. உண்டபின் இரண்டு நாட்களுக்கு அதனைக் கையில் எடுத்து விளையாடுதலும் கூடாது.

இரை கக்கிய குட்டியின் நிலை இரங்கத்தக்கது. அமிலம் உணவுக்குழலைச் சுட்டுவிடும். உடல் நீரும் இழக்கப்படும். பசித்திருக்குமேயென மறுநாளே மீண்டும் ஊட்டுவோர், அன்பினாலேயே அதனைக் கொல்லுகின்றனர். பத்து முதற் பதினான்கு நாள் வரை தூய நீர் மட்டும் வைத்து, பின்னர் முன்னையதிற் பாதியளவான இரை கொடுத்தல் வேண்டும். மீண்டும் கக்கினால் மிருக வைத்தியரை நாடுவதே தக்கது.

உயிருள்ள எலியைக் கூட்டில் விடுதலும் தகாது. பாம்பு பசியின்றியிருப்பின் எலி அதனைக் கடித்துப் புண்படுத்தும். உறையவைத்த சுண்டெலிகள் மேல்நாடுகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் முற்றாக உருகவிட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, நீண்ட சாவணத்தாற் பற்றி நீட்டுதல் முறை. உள்ளே உறைந்திருக்கும் இரை சமிபாட்டைக் கெடுக்கும். கண்கள் நீலம்பூத்து மங்கியிருக்குங் காலம் தோலுரிக்கும் காலம். அப்போது இரையை மறுத்தாற் கலங்க வேண்டியதில்லை.

வெறும் இறைச்சித் துண்டு கொடுத்தால் என்ன எனலாம். முழு எலியின் என்பும் ஈரலும் தரும் சத்துக்களை அது தராது. பாலும் உதவாது. பால், தாயிடம் முலையுண்டு வளரும் உயிர்களின் உணவு. பாம்போ ஒருநாளும் தாய்ப்பால் அறியாதது. தாகத்தால் வருந்தும் பாம்பு நீரென நினைந்து பாலைக் குடித்தலும் உண்டு. ஆயின் அதனைச் சமிக்கும் ஆற்றல் அதற்கில்லை. அதற்கு வேண்டியது நீரே.

இவற்றையெல்லாம் படித்த நம் மாணவர் எவரும் வேலியோரத்துச் சாரைக்குட்டியைப் பிடித்துப் பெட்டியில் அடைக்கத் துணியற்க. வெங்கிணாந்தி என நாம் வழங்கும் மலைப்பாம்பு நம் நாட்டிற் சட்டத்தாற் காக்கப்பட்ட உயிர். சாரையோ வயலிலும் வளவிலும் எலியைத் தின்று உழவனுக்கு உதவுவது. தன் இரையின் அளவை அது தானே அறியும். அறிவிக்க நாம் வேண்டியதில்லை. கூட்டில் அடைபட்ட குட்டிக்கு அவ்வுரிமை இல்லை. அது கொடுத்ததை உண்ணும். மிஞ்சக் கொடுத்தால் மிஞ்சியே உண்ணும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியை அதன் சார்பிலும் நினைவிற் கொள்ளவேண்டியவர், அதனை வளர்ப்பவரே.