நிரல் எழுத்தில் வடிவ ஒருமை

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதும் அரிது. எழுதியவர் கருதியது ஒன்றாகவும் படித்தவர் பிரித்துக்கொண்டது வேறொன்றாகவும் அமைந்த இடங்கள் பல. தொடக்ககால அரபு ஏடுகளிலும் உயிர்க்குறிகள் இல்லை. அரபியரல்லாதாரும் பிழையின்றி ஓதவேண்டும் என்னும் நோக்கத்தால் அவை பின்னர் இடப்பெற்றன. எழுதப்பட்ட செய்தியோடு, அஃது ஏட்டில் அமைந்திருக்கும் முறையும் படிப்போர்க்கு இன்றியமையாதது என்பதை இவை உணர்த்துகின்றன. கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரலுக்கும் இவ்வுண்மை பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

படிப்போர் இருவர்

கணிப்பொறி நிறைவேற்றவேண்டிய கட்டளைகளின் கோவையே நிரல். அதனைப் படிப்போர் இருவர். ஒருவர் கணிப்பொறி, மற்றவர் அந்நிரலைத் திருத்தவும் விரிக்கவும் வரும் மனிதர். 'சி' முதலிய மொழிகளில், ஒரு வரியின் முன் எத்துணை இடம் விடப்பட்டுள்ளது என்பதைக் கணிப்பொறி பொருட்படுத்துவதில்லை. மனிதரோ அதனையே முதலில் நோக்குவர். ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட கட்டளையைச் சற்று உள்தள்ளி எழுதுவது மரபு. ஆகவே, உள்தள்ளிய வரியைக் கண்டவுடன், 'இது மேலுள்ள நிபந்தனைக்கு உட்பட்டது' என மனம் முடிவுசெய்துவிடும்.

கண்ணும் பொறியும் முரண்பட்டால் நேரும் தீங்குக்கு, 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் நிறுவன மென்பொருட் பிழை தக்க சான்றாகும். இணைய இணைப்பின் எதிர்முனையில் இருப்பது மெய்யான கணிப்பொறிதானா என்று சோதிக்கும் நிரல் அது. சோதனையில் தவறு தென்பட்டால் இறுதிப் பகுதிக்குத் தாவுக எனப் பணிக்கும் 'கோட்டு ஃபெயில்' என்னும் வரி, ஓரிடத்தில் அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே அளவில் உள்தள்ளி நின்றமையால், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டனவாகவே தோன்றின. அடைப்புக்குறி இடப்படாமையால், கணிப்பொறி முதல் வரியை மட்டுமே நிபந்தனையோடு சேர்த்தது. இரண்டாம் வரி எப்போதும் நிறைவேறியது. எஞ்சிய சோதனை நடவாமலே, அதுவரை தவறு ஏதும் பதிவாகாததால், இணைப்பு ஏற்கப்பட்டது. ஐபோன்களும் மேக் கணிப்பொறிகளும் போலி முனையை மெய்யென நம்பும் நிலை உண்டாயிற்று. 2016இல் வெளிவந்த ஜி.சி.சி. கம்பைலரின் 6ஆம் பதிப்பு, இவ்வாறு மயக்கும் உள்தள்ளலைக் கண்டு எச்சரிக்கும் வசதியைப் பெற்றது.

பலர் எழுதும்போது

பலர் கூடி ஒரு நிரலை எழுதும்போது இச்சிக்கல் பெருகுகிறது. லினக்ஸ் கருநிரலின் எழுத்து விதி, 8 எழுத்து அகலமுள்ள டேப் கொண்டு உள்தள்ளச் சொல்கிறது. பைத்தான் மொழிக்கென 2001இல் எழுதப்பெற்ற 'பெப் 8' விதித்தொகுப்போ 4 வெற்றிடங்களை வேண்டுகிறது. ஒரு வரி 79 எழுத்துகளுக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. இவற்றுள் எது சிறந்தது என்பதன்று வினா. ஒரே நிரலில் இரண்டும் கலப்பதே கேடு.

2005இல் தோன்றிய 'கிட்' போன்ற பதிவுமுறைகள் பழைய நிரலையும் புதிய நிரலையும் வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டும். ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்தக் கோப்பைத் திறக்கிறார் என்க. அவருடைய எழுதுகருவி முந்நூறு வரிகளின் இடைவெளியைத் தன் விருப்பப்படி மாற்றிவிடுகிறது. மேற்பார்ப்பவருக்கு முந்நூற்றொரு மாற்றங்கள் தெரியும். மெய்யான திருத்தம் அவற்றுள் மறைந்துவிடும். பிழையும் அவ்வாறே மறையும். ஒரு வரியை எழுதியவர் யார் எனப் பின்னாளில் தேடினால், இடைவெளியை மாற்றியவர் பெயரே கிடைக்கும்.

வடிவமைப்புக் கருவிகள்

இதற்குத் தீர்வாக அமைந்தனவே வடிவமைப்புக் கருவிகள். 2009இல் வெளியான 'கோ' மொழி 'கோஃபெம்ட்' என்னும் கருவியைத் தன்னோடு கொண்டது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் 'பிரிட்டியர்' 2017இலும், பைத்தானுக்குப் 'பிளாக்' 2018இலும் வந்தன. யார் எவ்வாறு எழுதினும் இவை ஒரே வடிவில் அமைத்துத் தரும். 'உன் முறையா, என் முறையா' என்னும் வழக்காடல் ஓய்கிறது.

இக்கருவிகளின் பெரும்பயன் மற்றொன்று. சி மொழிக்குரிய இத்தகைய கருவி, எழுதியவர் விட்ட இடத்தை நம்பாமல், மொழியின் இலக்கணப்படி நிரலைப் பகுத்தறிந்து உள்தள்ளும். மேற்கூறிய நிரலை அதனிடம் தந்திருந்தால், நிபந்தனைக்கு உட்படாத இரண்டாம் வரியை அது வெளியே தள்ளி எழுதியிருக்கும். படிப்பவர் கண்ணில் பிழை பட்டிருக்கும். கணிப்பொறி கொள்ளும் பொருளையே மனிதர் கண்ணும் கொள்ளச் செய்வதே வடிவ ஒருமையின் உயிர்ப்பயன் எனலாம். ஆயினும், பொருந்தாப் பெயர்களையும் தவறான கணக்கையும் எந்தக் கருவியும் திருத்தாது. அவை மனிதர் பொறுப்பே.

பழைய நிரலுக்கு

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நிரலில் இவ்வொழுங்கைப் புகுத்துவோர் மூன்றினைக் கருதவேண்டும். முதலாவது, அனைவரும் தத்தம் அரைகுறைப் பணிகளை முடித்துச் சேர்த்த பின்னரே தொடங்குதல். இரண்டாவது, வடிவ மாற்றத்தை வேறெந்தத் திருத்தத்தோடும் கலவாமல் தனிப் பதிவாக்குதல். அப்பதிவைத் தவிர்த்துவிட்டு வரலாறு தேடும் வசதி 'கிட்' முறையில் 2019இல் வந்தது. மூன்றாவது, புதிய நிரல் சேரும் ஒவ்வொரு முறையும் கருவியே சோதிக்குமாறு அமைத்தல்.

முடிவுரை

மென்பொருள் துறைக்குச் செல்லும் நம் மாணவர்கள், ஒரு குழுவில் சேர்ந்தவுடன் அங்குள்ள எழுத்து விதியைக் கேட்டறிந்து, தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, அதன்வழி எழுதுதல் வேண்டும். இன்று நாம் எழுதும் வரியை நாளை திருத்தப்போகிறவர், நம்மைக் கண்டு ஐயம் கேட்க இயலாதவராகவும் இருக்கலாம். அவர் மயங்காமல் படிக்குமாறு எழுதிவைத்தல் நம் கடனாகும்.