கச்சேரிக்குப் போகும் பானை

உங்கள் வீட்டில் மண்பானை இருக்கிறதா? விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். "டொப்" என்று கேட்கும். மண்ணில் செய்த இன்னொரு பானை இருக்கிறது. அதைத் தட்டினால் வெண்கல மணி போலக் "கணீர்" என்று ஒலிக்கும். அதுதான் கடம்!

மிருதங்கத்துக்குத் தோல் உண்டு. வீணைக்குத் தந்தி உண்டு. கடத்துக்கு இரண்டும் இல்லை. பானையின் உடம்பே அதிர்கிறது, உடம்பே ஒலிக்கிறது. ஜால்ராவும் கோவில் மணியும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில், வைகைக் கரையில் இருக்கிறது மானாமதுரை. கடத்துக்குப் பெயர் போன ஊர். இவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கண்மாய் மண்ணைக் கொண்டு வந்து ஊற வைக்கிறார்கள். மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். சக்கரத்தில் வைத்து வனைகிறார்கள். இதுவரை எல்லாப் பானைக்கும் உள்ள வேலைதான்.

ஈரம் சற்று உலர்ந்ததும் தட்டும் வேலை தொடங்கும். ஒரு கை பானைக்குள் கல்லைப் பிடித்திருக்கும். மறு கை வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டும். பத்துத் தடவை, நூறு தடவை அல்ல; ஆயிரக்கணக்கான தடவை! சுவர் எங்கும் ஒன்று போலக் கெட்டிப்பட வேண்டும். ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்தால் நாதம் கெட்டுவிடும்.

மானாமதுரை மீனாட்சி கேசவன் அம்மாள் இப்படித் தட்டித் தட்டியே பெயர் பெற்றவர். 2013-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. வாசிப்பவர் பெயர் கச்சேரி நோட்டீசில் வரும். பானை செய்தவர் பெயரை யார் போடுகிறார்கள்? அதனால்தான் இந்த விருதைப் பற்றிக் கேட்டபோது மனம் குளிர்ந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மிருதங்கத்தில் சுருதி இறங்கினால் வித்வான் தட்டிச் சரி செய்து கொள்வார். கடத்தில் அது நடக்காது. உள்ளே சிறிது தண்ணீரோ களிமண்ணோ வைத்துக் கொஞ்சம் மாற்றலாம், அவ்வளவுதான். ஆகவே வித்வான்கள் ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனிக் கடம் வைத்திருக்கிறார்கள். ஒன்று உடைந்தால், அதே குரலுள்ள இன்னொன்று கிடைப்பது அரிது!

செய்பவர் பாடு இன்னும் கஷ்டம். காயும்போதும் வேகும்போதும் பானை சுருங்கும். எவ்வளவு சுருங்கும், என்ன சுருதி வரும் என்று பச்சை மண்ணிலேயே கணக்குப் போட வேண்டும். மழை பிடித்துக் கொண்டால் காய வைக்கவும் முடியாது. சூளை மூட்டவும் முடியாது.

இப்படிப் பிறந்த பானை எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? விக்கு விநாயகராம் அதைக் கடல் கடந்து கொண்டு போனார். அவர் கடம் வாசித்த 'பிளானட் டிரம்' இசைத்தட்டு 1991-ல் வெளிவந்து, அமெரிக்காவின் கிராமி பரிசைப் பெற்றது. 2014-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

மானாமதுரையிலோ சூளை ஆறும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். பானையை எடுத்துச் சாம்பலைத் துடைத்து விரலால் சுண்டுகிறார்கள். மயிரிழை போல விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரிந்துவிடும்.