கூட்டுத்தொகை மட்டும் போதாது

ஜோகுபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே, ‘ஸ்வயம்’ தளத்தில் என்.பி.டி.இ.எல். வழங்கும் 12 வாரப் பாடமொன்றைப் பயிலும் கல்லூரி மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வாராந்திர ஒப்படைப்புகள் அனைத்திலும் அவருக்கு முழு மதிப்பெண். இறுதித் தேர்வில் 100-க்கு 38. சான்றிதழ் கிடைக்குமா? கிடைக்காது.

காரணம், மதிப்பெண் கணக்கிடும் முறை. 12 ஒப்படைப்புகளில் சிறந்த 8-இன் சராசரி 25 மதிப்பெண்ணுக்கும், மையத்திற்குச் சென்று எழுதும் தேர்வு 75-க்கும் மாற்றப்படுகின்றன. முன்னதில் குறைந்தது 10, பின்னதில் 30 எனத் தனித்தனியே பெறுதல் வேண்டும். இம்மாணவியின் 38 மதிப்பெண், 75-க்கு 28.5 ஆகிறது. மொத்தம் 53.5 பெற்றும் அவர் தேர்ச்சி பெறவில்லை. ஆனால் 10-உம் 30-உம் பெற்று, மொத்தம் 40 மட்டுமே எடுத்தவர் தேர்ச்சி பெறுகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயின்று, அதற்குரிய கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளக் கல்வி நிறுவனங்கள் அனுமதிக்கலாம். பாடம் பயிலக் கட்டணமில்லை; தேர்வுக்கு உண்டு. ஆகவே, தேர்வுக் கட்டணம் செலுத்துமுன், அப்பாடத்தைத் தங்கள் கல்லூரி ஏற்குமா என உறுதிசெய்துகொள்வது நலம். தேர்வில் 100-க்கு 40 என்பதே கடக்க வேண்டிய எல்லை என்பதையும் நினைவில் கொள்க.