தட்டைத்திரைத் தொலைக்காட்சித் தேர்வு

தட்டைத்திரைத் தொலைக்காட்சி என்பது பின்புறம் நீண்ட கண்ணாடிக் குழாய் இல்லாமல், மெல்லிய பலகை வடிவில் அமைந்த தொலைக்காட்சிப் பெட்டி ஆகும். குறைந்த செலவில் இதை வாங்க விரும்பும் குடும்பத்திற்கு விலை மட்டும் போதிய அளவுகோல் அன்று. அறையின் அளவு, பார்க்கப்படும் அலைவரிசைகளின் தரம், மின்செலவு, பழுதுநீக்கும் வசதி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இக்கட்டுரை அக்கணக்கைத் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982 இல் வந்தது. எனினும், தமிழ்நாட்டின் எளிய வீடுகள் பலவற்றில் வண்ணத் தொலைக்காட்சி நுழைந்தது 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் வழியாகவே ஆகும். 2011 இல் ஆட்சி மாறும் வரை நடந்த இத்திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அவை 14 அங்குல எதிர்முனைக் கதிர்க்குழாய்ப் பெட்டிகள். அதே ஆண்டுகளில் உலகச் சந்தை தட்டைத்திரைக்கு மாறிக்கொண்டிருந்தது. எனவே பல குடும்பங்களுக்குத் தட்டைத்திரையே தம் பணத்தில் வாங்கிய முதல் தொலைக்காட்சியாக அமைந்தது.

திரை வகைகள்

* நீர்மப் படிகத் திரை: எல்.சி.டி. எனப்படுவது. இது தானாக ஒளிராது. பின்னிருந்து வரும் ஒளியை நீர்மப் படிகங்கள் தடுத்தும் விடுத்தும் படத்தை உருவாக்குகின்றன.
* எல்.இ.டி. தொலைக்காட்சி: இதுவும் நீர்மப் படிகத் திரையே. பின்னொளிக்குக் குழல்விளக்கிற்கு மாற்றாக ஒளியுமிழ் இருமுனையங்கள் பயன்படுகின்றன. குறைந்த விலைப் பெட்டிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.
* ஓ.எல்.இ.டி.: ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும். விலை மிகுதி.
* பிளாசுமா: பெரிய நிறுவனங்கள் 2014 அளவில் இதன் உற்பத்தியைக் கைவிட்டன. பழைய பெட்டியாகக் கிடைத்தாலும் மின்செலவு மிகுதி என்பதால் வாங்குவது நன்றன்று.

நீர்மப் படிகத் திரைகளுள் ஐ.பி.எசு., வி.ஏ. என இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஐ.பி.எசு. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் அதன் ஒளிமாறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 1000:1 மட்டுமே. வி.ஏ. திரையில் இது 3000:1 அல்லது அதற்கும் மேல் இருக்கும். பக்கவாட்டில் நிறம் வெளிறும். கார்த்திகைத் தீப நேரலையில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். இருண்ட வானத்தின் கீழ் மலையுச்சியில் ஒரு சிறு சுடர் மட்டும் தெரியும் அக்காட்சி, வி.ஏ. திரையில் கறுப்பாகவும் ஐ.பி.எசு. திரையில் சற்றுச் சாம்பல் நிறமாகவும் தோன்றும். கூடத்தில் பலர் பரவி அமர்ந்து பார்க்கும் வீட்டிற்கு ஐ.பி.எசு. பொருந்தும். நேரெதிரே ஓரிருவர் மட்டும் பார்க்கும் அறைக்கு வி.ஏ. பொருந்தும்.

அளவும் தொலைவும்

திரையின் அளவு மூலைவிட்டத்தில் குறிக்கப்படுகிறது. இந்திய விளம்பரங்களில் 80 செ.மீ. என்பது 32 அங்குலத்தையும் 108 செ.மீ. என்பது 43 அங்குலத்தையும் குறிக்கும். 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத் திரையின் பரப்பைப் போல் 1.8 மடங்கு. எனவே அங்குலத்திற்கு எவ்வளவு விலை என்று பார்ப்பதைவிடப் பரப்பிற்கு எவ்வளவு விலை என்று ஒப்பிடுவதே சரியானது.

இயல்பான கண்ணின் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதன்படி, 1366×768 படப்புள்ளிகள் கொண்ட 32 அங்குலத் திரையில் சுமார் 1.8 மீட்டருக்கு அப்பால் தனித்தனிப் புள்ளிகள் தெரியா. 1920×1080 கொண்ட 43 அங்குலத் திரைக்கு இத்தொலைவு 1.7 மீட்டர்; 3840×2160 கொண்ட அதே அளவுத் திரைக்கு 0.85 மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையில் சுவரோடு சாய்ந்து அமர்பவருக்கும் திரைக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர் இருக்கும். அத்தொலைவில் 43 அங்குலத்தில் '4கே' என்னும் நுண்மைக்கு மட்டும் கூடுதல் பணம் தருவதால் கண்ணுக்குப் பயன் இல்லை. மேலும், இயல்தர அலைவரிசைகளின் படம் 720×576 அளவினது. நுண்மை மிகுந்த பெரிய திரையில் அது விரிக்கப்பட்டு மங்கலாகவே தெரியும்.

சமிக்கை

அரசு கேபிள் அல்லது தனியார் கேபிள் இணைப்பிற்குச் செட்டாப் பெட்டி தேவை. மாதக் கட்டணம் செலுத்த இயலாதோர் தூர்தர்சனின் 'டிடி இலவச டிசு' சேவையைப் பயன்படுத்தலாம். 2004 இல் வேறு பெயரில் தொடங்கிய இதற்குக் கருவிகளின் விலை தவிர மாதக் கட்டணம் இல்லை.

மலையடிவாரத்தில் வாழ்வோர், மலை சமிக்கையை மறைக்குமோ என ஐயுறுவது இயல்பு. இச்சேவைக்குரிய சீசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் உள்ளது. திருவண்ணாமலையிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். ரமணாசிரமம் மலையின் தென்புறத்தில் இருப்பதால் மலை குறுக்கிடவே இடமில்லை. மலையைத் தென்கிழக்கில் கொண்ட அடி அண்ணாமலை போன்ற ஊர்களிலும், 814 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சி 68 பாகைக்கு மிகவும் கீழேயே தெரியும். எனவே தடையாகக் கூடியவை அருகிலுள்ள மரங்களும் மாடிகளும் மட்டுமே. குரங்குகள் நடமாடும் இப்பகுதியில் மொட்டைமாடிக் கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்திச் சுவரோடு பொருத்துவது நன்று.

மின்செலவு

50 வாட்டுத் தொலைக்காட்சி நாளுக்கு 5 மணிநேரம் இயங்கினால் 60 நாட்களில் 15 அலகு மின்சாரம் செலவாகும். 100 வாட்டுப் பெட்டிக்கு இது 30 அலகு. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. சிறிய குடும்பம் அவ்வரம்பிற்குள் நிற்பதா தாண்டுவதா என்பதை இந்த 15 அலகு வேறுபாடே தீர்மானிக்கக் கூடும். விண்மீன் குறியீட்டு ஒட்டியில் உள்ள ஆண்டு மின்நுகர்வு எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய வழி.

பெரும்பாலான பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட்டு வரை இயங்குவதால் மின்னழுத்தச் சீராக்கி கட்டாயமன்று. பின்புறத் தகட்டில் இதைச் சரிபார்க்கலாம். இடி மின்னலின்போது மின்செருகியையும் கேபிளையும் கழற்றி வைப்பதே சிறந்த பாதுகாப்பு.

வரி

32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு முன்பு 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 விழுக்காடாகக் குறைந்து, 32 அங்குலப் பெட்டிகளுக்குச் சமமாயிற்று. வரிக்கு முன் 20,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டி 25,600 ரூபாயிலிருந்து 23,600 ரூபாயாகக் குறைய வேண்டும். '32 அங்குலமே சிக்கனம்' என்னும் பழைய எண்ணத்தை இதனால் மீண்டும் சரிபார்க்க வேண்டியுள்ளது.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

# கடைகளில் நிறங்கள் மிகைப்படுத்தப்பட்ட காட்சிமுறையில் ஓடும். இயல்பு முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.
# விளம்பரப் படத்தை விடுத்து, வழக்கமாகப் பார்க்கும் அலைவரிசையைப் போடச் சொல்ல வேண்டும். முகங்களின் தோல்நிறம் இயற்கையாக உள்ளதா எனக் காண வேண்டும்.
# முழு வெண்ணிறப் படத்தையும் முழுச் சாம்பல் படத்தையும் யு.எசு.பி. நினைவகத்தில் கொண்டு செல்லலாம். முதலாவது செயலிழந்த புள்ளிகளையும், இரண்டாவது பின்னொளித் திட்டுகளையும் காட்டும்.
# பக்கவாட்டில் நகர்ந்து நின்றும் பார்க்க வேண்டும்.
# நினைவகம் குறைந்த திறன் தொலைக்காட்சி சில ஆண்டுகளில் மந்தமாகும். திரை நன்றாக இருந்தால், பின்னர் தனிக்கருவி ஒன்றை இணைத்து அக்குறையை நீக்கலாம். திரையின் குறையை அவ்வாறு நீக்க இயலாது.

உத்தரவாதமும் உரிமையும்

திரைப்பலகை உடைந்தால் அதன் மாற்றுச் செலவு பெட்டி விலையின் பெரும்பகுதியை எட்டும். எனவே உத்தரவாதம் திரைப்பலகைக்கும் உண்டா, பழுதுநீக்குநர் வீட்டிற்கு வருவாரா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் பெட்டியில் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும். விலைச்சீட்டு இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்து வாங்குவது இழப்பிலேயே முடியும். சீட்டு இருந்தால், குறைபாடுள்ள பொருளுக்காக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும்.

பழைய பெட்டி

எதிர்முனைக் கதிர்க்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. அதை உடைத்துக் குப்பையில் இடுவது நிலத்தையும் நீரையும் கெடுக்கும். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமோ, பழையதை ஏற்கும் கடையிலோ ஒப்படைப்பதே முறை.

இவற்றையும் பார்க்க

* எதிர்முனைக் கதிர்க்குழாய்
* நீர்மப் படிகத் திரை
* படப்புள்ளி
* திருவண்ணாமலை